கண்ணாடி டீச்சர்

பென்சிலை இடது கையில் இறுக்கிப் பிடித்து, நாக்கு நுனியை உதட்டோரம் துருத்திக்கொண்டு, 'ழ'வின் வாலை எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியாமல் அவர் அண்ணாந்து பார்க்கிறார். மேலே மின்விசிறி சுற்றுகிறது. அதைப் பார்த்ததும் எழுத்து மறந்துபோகிறது. வாய் லேசாகத் திறந்துகொள்கிறது. எதிரே, குழந்தைகளுக்கான சின்ன நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருக்கும் தகப்பன், "ஐயோ, எங்க பயலேதான்!" என்று சிரிக்கத் தொடங்கிப் பாதியிலேயே நிறுத்திக்கொள்கிறார். ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்ணின் முகத்தில் தன் மகன் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் முழுச் சிரிப்பு வராது.

"இடது கையை மாத்தாதீங்க," என்கிறார் டீச்சர். முகம் மறுபடி அவருடையதாகிவிட்டது. "கை மேல தப்பில்ல. ஃபேன் மேலதான் தப்பு. அது கண்ணுல படாத எடத்துல நாளைக்கு உட்கார வெச்சிடறேன்."

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இவரைக் கண்ணாடி டீச்சர் என்பார்கள். புதிதாகச் சேர்க்க வரும் பெற்றோர், மூக்குக் கண்ணாடி போட்ட ஆசிரியையைப் பள்ளி முழுக்கத் தேடிவிட்டு அலுவலக அறைக்கே திரும்பி வருவார்கள். அவர் கண்ணாடி போடுவதில்லை. பார்வை கூர்மையானது. பிள்ளைகள் சொல்வது முகம் பார்க்கும் கண்ணாடியை.

என் மகள் படிக்கும் இந்தப் பள்ளியில் பிள்ளைகளின் படிப்பு எப்படிப் போகிறது என்பது வீட்டுக்குப் பல வழிகளில் வந்து சேரும். கைபேசிச் செயலியில் நட்சத்திரங்கள் வரும். எல்லாப் பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நட்சத்திரம். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. பருவ முடிவில் ரிப்போர்ட் கார்டு வரும். அதில் 'நன்று', 'முயற்சி தேவை' என்று அச்சடித்த சொற்களுக்கு எதிரே டிக் இருக்கும். பிறகு பெற்றோர் சந்திப்பு. மற்ற வகுப்புகளில் அந்தச் சந்திப்பு என்பது கார்டில் இருப்பதையே வாயால் ஒருமுறை கேட்டுவிட்டு வருவது. இவர் கார்டைத் தொடவே மாட்டார். உங்கள் பிள்ளையைக் காட்டுவார்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். என் மகளும் இவர் வகுப்புதான். "'சுமார்'னு எழுதி அனுப்பினா அன்னைக்கு வீட்டுல அடி விழும்," என்றார். "காட்டினா விழாது. தன் புள்ள கஷ்டப்படறதைக் கண்ணால பார்த்தவங்க கை ஓங்க மாட்டாங்க." பிறகு, நான் கேட்காமலே, "நடிக்கிறேன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு நடிப்பெல்லாம் வராது. அந்தப் புள்ளையை நினைச்சுக்கறேன். அவ்ளோதான், வந்துடும்," என்றார்.

வந்துடும் என்ற சொல்லைச் சும்மா சொன்னதாகத்தான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

என் மகள் எப்படிக் கணக்குப் போடுகிறாள் என்று காட்டினார். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் ஒளித்து, மற்ற விரல்களை மேசைக்கு அடியில் எண்ணி, விடை சரியாக வந்ததும் மூக்கால் சிரிப்பது. அந்தச் சிரிப்பை நான் குளியலறைக் கதவுக்கு வெளியிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். அவள் தனியாக இருக்கும்போது மட்டும் சிரிக்கும் சிரிப்பு. அது ஒரு வளர்ந்த பெண்ணின் தொண்டையிலிருந்து வந்தபோது கையில் மயிர்க்கூச்செறிந்தது. "கணக்கு நல்லா வருது. வெளிய காட்டத்தான் கூச்சம்," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் ஒரு மிடறு குடிப்பார். வாய் கொப்பளிப்பது போல இருக்கும்.

எல்லாருக்கும் இது பிடிப்பதில்லை. ஒரு பையன் அழிரப்பரோடு பேசுவதை அவன் அப்பாவுக்குக் காட்டினார். "அழுதா இன்னும் ரெண்டு விழும், வாயை மூடு." குரல் பையனுடையது, தோரணை முழுக்க அப்பாவுடையது. அந்த மனிதர் எழுந்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த சந்திப்புக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அண்ணன் வீட்டில் இருக்கிறார் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணி எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத, நல்ல மனுஷி. "ஸ்கூல் விட்டு வந்தா எங்க நாத்தனாரு உடனே வர மாட்டா," என்பார். "யாராவது ஒரு புள்ளதான் வரும். ஒரு நாள் காலை இழுத்து இழுத்து நடந்து வரும். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டுல ஒவ்வொண்ணா ஒதுக்கி ஓரமா வெச்சுக்கிட்டு அழற மாதிரி உட்கார்ந்திருக்கும். கதவைத் திறக்கறப்பவே எங்க வீட்டுக்காரர் கேட்பாரு, 'இன்னைக்கு யாரும்மா வந்திருக்கறது?'ன்னு. மூஞ்சி கழுவினாத்தான் எங்க ஆளு வருவா." சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஊசியில் நூல் கோக்கும்போது மட்டும் சிரிப்பு நின்று, "சில நாள் ரெண்டு தடவை கழுவணும்," என்பார்.

இந்த ஆண்டு ஆரம்பத்தில் அந்த வகுப்பில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். வேறு ஊரிலிருந்து வந்த குடும்பம். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா சந்தை முனையில் இருக்கும் பேக்கரியின் கவுண்டரில் நிற்கிறார். ஒரே பெண் என்று சொன்னார்கள். என் மகளின் பக்கத்து இடம். "அவ ஒரு வரி விட்டு ஒரு வரிதாம்மா வாசிப்பா," என்று முதல் வாரமே மகள் வந்து சொன்னாள். டீச்சர் திட்டமாட்டாரா என்று கேட்டேன். "மாட்டாங்க. நடுவுல நாங்க எல்லாரும் சும்மா இருக்கணும். அதுதான் ரூல்."

பிள்ளைகள் சொல்லும் ஆயிரத்தில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

அரையாண்டுச் சந்திப்பன்று நல்ல மழை. வராந்தாவில் சாரல் அடித்ததால் காத்திருந்தவர்களையெல்லாம் டீச்சர் வகுப்புக்குள்ளேயே கூப்பிட்டுப் பின் பெஞ்சுகளில் உட்கார வைத்தார். குடைகள் மூலையில் சொட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் எனக்கு முன்னால். அவர் வேலை உடுப்பிலேயே வந்திருந்தார். விரல் இடுக்குகளில் கிரீஸ். அம்மா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் பாடப் புத்தகத்தை எடுத்தார். வாத்துப் பாடம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் அது மனப்பாடம்.

வாத்து குளத்துக்குப் போனது.
குளத்தில் தண்ணீர் இல்லை.
வாத்து மேகத்தைப் பார்த்தது.
மேகம் கீழே பார்த்தது.

தோளைக் குறுக்கிக்கொண்டு, புத்தகத்தைத் தனக்கு நேராக வைக்காமல் சற்று இடப்பக்கமாகத் தள்ளி, பக்கத்தில் யாருக்கோ தெரியும்படி பிடித்துக்கொண்டார். மெல்லிய, தெளிவான குரலில் முதல் வரியை வாசித்தார். நிறுத்தினார். தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. காத்திருந்தார். கண் புத்தகத்தில் இரண்டாம் வரி மேலேயே மெதுவாக நகர்ந்தது. அது வரியின் கடைசியை அடைந்த பிறகு மூன்றாம் வரியை வாசித்தார். மறுபடி நிறுத்தம். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

பின் பெஞ்சில் நாங்கள் ஐந்தாறு பேர் இருந்தோம். ஒருவர்கூட இருமவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்று தோன்றியது.

டீச்சர் நிமிர்ந்தார். "ரொம்ப நல்லா வாசிக்கிறா. உச்சரிப்பு சுத்தம். நடுவுல விடற வரியும் அவளுக்குத் தெரியும். தனியா கேட்டா சொல்லிடுவா. ஆனா வாசிக்கறப்ப அதை அவ தொடறதில்ல." கொஞ்சம் யோசித்து, வழக்கமான அக்கறையோடு தொடர்ந்தார். "வருஷ ஆரம்பத்துல இந்த நிறுத்தம் ரொம்ப நீளம். எழுத்துக் கூட்டிப் படிக்கிற புள்ளைக்கு ஆகற நேரம். 'குளத்தில்'னு தொடங்கறதுக்கே ரொம்பத் தடுக்கும். இவ பொறுமையா இருப்பா. சில நாள் உதட்டால எடுத்துக் குடுப்பா. இப்போ அவ்வளவு இல்ல. 'கீழே'ங்கிற எடத்துல மட்டும் கொஞ்சம் நிக்குது. அந்தப் பக்கமும் நல்லாத்தான் தேறியிருக்கு."

"எந்தப் பக்கம்?" என்றார் அப்பா.

டீச்சர் பதில் சொல்வதற்குள் அம்மா பேசினார். யாரிடமும் பேசுவது போல இல்லை. "அவனுக்குக் 'க' வராது."

"பேசாம இரு," என்றார் அப்பா.

"காக்காவைத் தாத்தான்னுதான் சொல்வான்."

அப்பா எழுந்தார். சின்ன நாற்காலி பின்பக்கமாக விழுந்தது. "யார் உங்ககிட்ட சொன்னது? அவ சொன்னாளா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலைங்க," என்றார் டீச்சர். உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தார். "நான் பார்த்ததைத்தான்..."

"இங்க ஒரு புள்ளதான் படிக்குது. அதைப் பத்தி மட்டும் சொல்லுங்க!"

மனைவியின் கையைப் பிடித்து எழுப்பி மழைக்குள் போய்விட்டார். குடை மூலையிலேயே கிடந்தது. அடுத்து என் முறை. டீச்சர் என் மகளைக் காட்டவில்லை. "நல்லா படிக்கிறா," என்று மட்டும் சொன்னார். தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமலே மூடினார்.

குடையை நான்தான் பேக்கரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூட்டமில்லாத மதிய நேரம். அந்த அம்மா கண்ணாடிப் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். இரட்டைப் பிள்ளைகள். முதலில் மகள், அவள் பின்னாலேயே மகன். பள்ளியில் போடுவதற்கு முன்பே ஒரு படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இந்த அம்மா வரி வரியாகச் சொல்லிக் கொடுப்பாராம். மகள் ஒரு வரி திருப்பிச் சொல்வாள், மகன் ஒரு வரி. அவனுக்கு நாக்குப் புரளாது. அவள் அவனுக்காகக் காத்திருப்பாள். பள்ளிக்கு அளவெடுத்துத் தைத்த சீருடை வந்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல்தானே என்று இருந்துவிட்டார்களாம்.

"அங்க எங்க போனாலும் 'இன்னொண்ணு எங்க?'ன்னு கேட்டாங்க. அதான் இங்க வந்துட்டோம். இவகிட்ட சொல்லி வெச்சோம், தம்பியைப் பத்தி யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு. சொன்ன சொல் தட்டாத புள்ளங்க. வாயைத் திறக்கல." துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "இப்பத்தான் புரியுது, அவ எந்த எடத்துலெல்லாம் வாயைத் திறக்கலைன்னு."

பிறகு துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த டீச்சருக்கு எப்படிங்க தெரியும், 'குளத்தில்' தடுக்கும்னு? 'தண்ணீர்'ல தடுக்கலையே."

எனக்குத் தெரியவில்லை என்றேன். மகள் அவன் தடுமாறுவதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த அளவுக்குக் காத்திருக்கலாம், அதைத்தான் டீச்சர் கவனித்திருப்பார் என்று சொன்னேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. "அப்போ இப்ப தேறியிருக்குன்னு சொன்னாங்களே, அது?" என்று கேட்டார். வாடிக்கையாளர் ஒருவர் வந்து என்னைக் காப்பாற்றினார்.

அப்பா மறுநாளே தலைமையாசிரியையிடம் போய்விட்டார். பெண்ணை வேறு பள்ளிக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். பேசிப் பேசி, ஆண்டு முடியட்டும் என்பதில் வந்து நின்றது. பதிலுக்கு டீச்சருக்கு உத்தரவு: இனி யாருக்கும் எதையும் காட்டக் கூடாது. மற்றவர்களைப் போல கார்டில் எழுதிக் கொடுத்தால் போதும். தலைமையாசிரியை கெட்டவரில்லை. "நீங்க சொன்னது பொய்யின்னு நான் சொல்லல டீச்சர். பொய்யா இருந்திருந்தா எனக்கு இவ்வளவு பயமா இருக்காது," என்றாராம்.

பேருந்து நிறுத்தத்தில் இதை என்னிடம் சொன்ன டீச்சர் கோபப்படவில்லை. "எழுதறேன். எழுதறதுக்கென்ன," என்றார். அந்தக் குழந்தையிடம் நேராகக் கேட்டுவிட்டால் என்ன என்றேன். தலையை ஆட்டினார். "கேட்டா நிறுத்திடுவா. அவளா நிறுத்தணும். நாம நிறுத்தினா அது நிறுத்தறது இல்லைங்க, புடுங்கறது." பேருந்து வந்தது. ஏறும்போது முதலில் ஏறாமல் ஒதுங்கி நின்றார். எனக்கு வழிவிடுகிறார் என்று நினைத்து நான் ஏறினேன். திரும்பிப் பார்த்தால் இன்னும் ஒதுங்கியே நின்றுகொண்டிருந்தார், இன்னொருவர் ஏறும் நேரத்துக்கு. பிறகு ஏறினார்.

விடுமுறை வந்து போனது. கடைசிப் பருவம் ஓடிவிட்டது. ஆண்டு முடிவுச் சந்திப்புக்கு முந்தின நாள் பேக்கரி அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். "அவர் வரலைன்னுட்டார். தனியா போக ஒரு மாதிரி இருக்கு. கூட வர்றீங்களா?"

போனோம். தலைமையாசிரியை டீச்சரின் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட் கார்டு மேசையில் தயாராக இருந்தது. வாசிப்பு என்ற இடத்துக்கு எதிரே டீச்சரின் உருண்டைக் கையெழுத்து: 'தடையின்றி வாசிக்கிறாள்.'

அம்மா அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார். "தடையின்றின்னா?"

டீச்சர் தலைமையாசிரியையைப் பார்த்தார்.

"எனக்கு எழுதினது வேணாம். காட்டச் சொல்லுங்க," என்றார் அம்மா, தலைமையாசிரியையைப் பார்த்து. "புகார் குடுத்தது அவர். நான் குடுக்கலை."

தலைமையாசிரியை இருவரையும் பார்த்தார். பிறகு எழுந்து, அடுத்த வகுப்பைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"வேணாம்மா," என்றார் டீச்சர். "இப்போ வேற மாதிரி."

"பரவாயில்ல. காட்டுங்க."

டீச்சர் புத்தகத்தை எடுத்தார். தோள் குறுகவில்லை. புத்தகம் நேராக இருந்தது. அந்தச் சின்னப் பெண்ணின் குரலில், வாத்து குளத்துக்குப் போனதும், குளத்தில் தண்ணீர் இல்லாததும், வாத்து மேகத்தைப் பார்த்ததும், மேகம் கீழே பார்த்ததும் ஒரே மூச்சில், ஓடை மாதிரி வந்து முடிந்தன. எந்தத் தாயும் கேட்டு மகிழ வேண்டிய வாசிப்பு.

அம்மாவின் தலை இடப்பக்கம் சாய்ந்தபடி இருந்தது. காத்திருந்தார். பிறகு, "அவன்?" என்றார்.

"இப்ப எல்லா வரியும் அவளே வாசிக்கிறா."

"எப்பலேருந்து?"

"லீவு முடிஞ்சு வந்ததுலேருந்து. ஓடி விளையாடறா. சத்தமா சிரிக்கிறா. வீட்டுலயும் சிரிப்பாளே?"

"சிரிக்கிறா," என்றார் அம்மா. "நல்லதுதான். நல்லதுன்னு தெரியுது." மூச்சை இழுத்துவிட்டார். "ஒரே ஒரு தடவை, முன்னாடி வாசிச்ச மாதிரி காட்டுங்க டீச்சர். அந்த நிறுத்தத்தோட."

"அவகிட்ட இப்ப அது இல்லம்மா. இல்லாததை நான் இதுவரைக்கும் காட்டினதில்ல."

அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கார்டை எடுத்து இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"உட்காருங்க," என்றார் டீச்சர். "உங்ககிட்ட சொல்லலாமா வேணாமான்னு லீவு முழுக்க யோசிச்சேன். எங்க அண்ணனுக்குக் கண்ணுல புரை. நான்தான் பேப்பர் வாசிச்சுக் காட்டுவேன். லீவுல ஒரு நாள் அவர்தான் கேட்டார், ஏன் நடுநடுவுல நிக்கிறன்னு. எனக்கே தெரியலை. நிறுத்தணும்னு பார்த்தேன், முடியலை. அந்த வரி கிட்ட வந்தா வாய் திறக்க மாட்டேங்குது. மூஞ்சி கழுவிப் பார்த்தேன். போகலை." குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட இல்ல. எங்கிட்ட இருக்கு."

அறை முழுதும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வெளியே மைதானத்தில் பிள்ளைகளின் கூச்சல்.

அம்மா மெல்ல உட்கார்ந்தார். "நல்லா படிக்கிறானா?"

"தேறிட்டான்."

"'கீழே'?"

"வருது. சுத்தமா வருது."

"வாசிங்க."

டீச்சர் புத்தகத்தைத் திறந்து இருவருக்கும் நடுவில் வைத்தார். இந்தமுறை எந்தக் குழந்தையின் குரலும் வரவில்லை. அவருடைய சொந்தக் குரல். கொஞ்சம் கட்டைக் குரல். அதை அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் நான் கேட்டதில்லை. முதல் வரியை வாசித்து நிறுத்தினார். அம்மாவின் உதடுகள் தானாக அசைந்தன. "துளத்தில் தண்ணீர் இல்லை," என்றார், மழலையில். டீச்சர் மெதுவாகத் தலையசைத்தார். சரி என்பதற்கு இல்லை, இப்போது அவன் அப்படிச் சொல்வதில்லை என்பதற்கு. அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டீச்சர் மூன்றாம் வரியை வாசித்தார். நிறுத்தினார்.

அம்மா வாயைப் பொத்தியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சரின் விரல் பக்கத்தின் ஓரத்தில், காகிதத்தை லேசாகத் தூக்கியபடி நின்றது. ஒரு பிள்ளை நன்றாகப் படித்துவிட்ட ஒரு சின்ன வரிக்கு ஆகும் நேரம். பிறகு தன் இடப்பக்கம் பார்த்து, நன்றாக வாசித்த பிள்ளைக்குச் செய்வது போலக் கண்ணை மூடித் திறந்துவிட்டு, டீச்சர் பக்கத்தைத் திருப்பினார்.